லோகநாயகி வைத்த பள்ளிக்கூடப் பாடு

லோகநாயகிக்குக் காத்திருப்பது என்றால் ஆகாது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவள் பையைத் துழாவிக்கொண்டிருந்தால், இவளே அதைப் பிடுங்கி வாயை விரித்துப் பிடிப்பாள். பழவேற்காடு மார்க்கெட்டில் இறால் கூடையோடு உட்காரும்போது விலை கேட்டுவிட்டு யோசிப்பவர்களை அவள் நிற்கவிடுவதில்லை. "வாங்கறதுன்னா வாங்கு, பாக்கறதுன்னா அந்தாண்ட போய்ப் பாரு" என்பாள். இப்படிப்பட்டவளைப் பிடித்துப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். அந்தக் குழுவில் பாதி வேலையே யாருக்காவது காத்திருப்பதுதான்.

அவள் தலைவியானதில் பெரிய போட்டி ஒன்றும் இல்லை. எங்கள் குப்பம் பசியாவரம் தீவுக்கும் அப்பால் ஏரிக்குள் தனியாகக் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை இங்கேயே படிக்கலாம். அதற்கு மேல் என்றால் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். இந்த முறை தலைவி எங்கள் குப்பத்திலிருந்துதான் என்று அங்கே நடந்த பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள், எங்கள் குப்பத்திலிருந்து போனவர்கள் மூன்று பேர். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தி நான், சாயங்காலத்தில் குப்பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தருகிறேனே தவிர, அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை எனக்கு இல்லை. மிச்சம் இருந்தவள் லோகநாயகி. தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் கைதட்டச் சொன்னார், தட்டினோம். "இது இன்னா கீதா, கூப்புட்டு மாட்டி வுட்டுட்ட?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினாள்.

திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள். மழைக்காலத்தில் படகில் நனைந்து வரும் பிள்ளைகள் ஈரத்தோடு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, படித்து முடித்தவர்களின் பழைய சீருடைகளை வீடு வீடாக வாங்கி, ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பள்ளியிலேயே வைத்தாள். நனைந்து போகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். அளவு சரியாக இருக்காது. ஏழாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புக்காரனின் சட்டைக்குள் காணாமல் போயிருப்பான். ஆனால் காய்ச்சல் குறைந்தது என்று ஜெசிந்தா டீச்சரே சொன்னார்.

அவள் செய்ததில் பெரியது பள்ளிக்கூடப் பாடு. பாடு என்பது எங்கள் ஏரிக்கே உரிய ஏற்பாடு. இறால் நன்றாக விழும் இடங்கள் ஏரியில் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் மண்டை உடையும். அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. பாடு வந்தவனைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தைத் தொடக் கூடாது. அவன் படுக்கையில் கிடந்தாலும் இடம் அன்றைக்குச் சும்மா கிடக்கும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற படகுக்காரர், தன் மகன் வீட்டோடு இருக்க எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார். பள்ளி திறந்தும் பிள்ளைகள் கரையிலேயே நின்றார்கள். ஏற்றிப் போகச் சொன்னால் ஒரு படகுக்காரருக்கு வேலை இருந்தது, இன்னொருவருக்கு டீசல் இல்லை. லோகநாயகி நேராகப் பஞ்சாயத்தில் போய் நின்றாள். "ஏரிக்குப் பாடு வெச்சிருக்கீங்க, பிள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு வெக்கல?" என்று கேட்டாள். கோயிலில் கற்பூரம் ஏற்றி, பிள்ளை உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாடு வந்த வீட்டுப் படகுதான் அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், வேறு படகு ஏற்றக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அவள் சேர்த்தது. வேறு படகும் போகலாம் என்று விட்டால், 'அவன் போவான்' என்று ஒவ்வொருவனும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான் என்றாள். எங்கள் ஊர் ஆண்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காலாண்டு விடுமுறை முடியும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. லோகநாயகியின் மகள் வைஷ்ணவியும், தருமலிங்கத்தின் மகள் காவியாவும் பத்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. காவியாவுக்குக் கணக்கு நன்றாக வரும். என் வீட்டில் சாயங்காலம் உட்காரும்போது வைஷ்ணவிக்கு நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவள் சொல்லிக் கொடுத்ததே அதிகம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்கே தகராறுதான்.

அக்டோபரில் தருமலிங்கம் ஒரு காரியம் செய்தார். அவருடைய பாடு நாளில் காற்றும் மழையுமாக அடித்து வலை போட முடியவில்லை. போன நாள் போனதுதான், அடுத்த முறை வரும்வரை பொறுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அவர் மறுநாளே போய் அடுத்தவர் பாடு நாளில் வலையை இறக்கிவிட்டார். "காத்து தின்ன நாளு என் கணக்குல எப்பிடிச் சேரும்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்ட விதம் சரியில்லை. கோயில் முன்னால் சபைக்கு விழுந்து எழுந்தால் போதும் என்றார் ஊர்த் தலைவர் தெய்வசிகாமணி. விழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு தருமலிங்கம் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே கட்டு போட்டார்கள். பஞ்சாயத்து முடிவு செய்வதை ஊருக்குச் சொல்கிற பொறுப்பு லோகநாயகியின் கணவர் ஆதிநாராயணனுடையது. அவருக்குக் குரல் பெரிது. "தருமலிங்கம் வூட்டோட யாரும் பேசக் கூடாது, குடுக்கல் வாங்கல் கூடாது, ஏரிப் பாட்டுல அவனுக்குப் பங்கு கெடையாது. மீறிப் பேசறவனுக்கும் இதே கட்டுதான்" என்று அவர் கோயில் முன்னால் நின்று சொன்னது குப்பத்தின் கடைசி வீடு வரை கேட்டது. வேற்றூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் நான். இந்தக் கட்டு எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஒரு மனிதன் கோபித்துக்கொண்டதற்கு அவன் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் ஊமையாக வேண்டுமா?

பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சுத்தமாகச் செய்வார்கள். படகில் காவியாவைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. வைஷ்ணவி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கட்டு சொன்னவரின் மகளே பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம்.

மாதாந்திரக் கூட்டத்தில் ஜெசிந்தா டீச்சர் கேட்டார். "காவியா ஏன் தனியா உக்காருது? எதாவது சண்டையா?" எங்கள் குப்பத்து அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். லோகநாயகிக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். டீச்சர் பெஞ்சுகளை மாற்றி மாற்றி உட்காரவைத்தார். பிள்ளைகள் காவியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பேசவில்லை.

நவம்பரில் பள்ளிக்கூடப் பாடு தருமலிங்கத்துக்கு வந்தது. ஏரிப் பாட்டில் அவர் பங்கை வெட்டிய பஞ்சாயத்து, பள்ளிக்கூடப் பாட்டை மறந்துவிட்டது. அது பெண்கள் ஆரம்பித்தது, யாருக்கும் நினைவில் இல்லை. அவர் காலையில் படகோடு வந்து நின்றார். காவியா சீருடையில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் ஏறவில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். லோகநாயகி அன்றைக்கு விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு தருமலிங்கம் மகளை மட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த காவியா, இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

லோகநாயகி அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாது. ஆனால் ஜெசிந்தா டீச்சருக்கு எங்கள் ஊர்க் கட்டு கிடையாது. அவள் டீச்சரைப் படகில் ஏற்றி அழைத்து வந்து, தருமலிங்கம் வீட்டைக் கையைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். நானும் கூட நின்றேன். உள்ளே பேசுவது வெளியே கேட்டது.

"ஆரம்பாக்கத்துல எங்க அக்கா கீது. எறா கம்பெனியில சேத்து வுடறேன்னு சொல்லுது" என்றார் தருமலிங்கம். "இங்க குந்திகினு இது இன்னா பண்ணப் போவுது?"

"பத்தாவது பாதியில நிறுத்தாதீங்க. நல்லா படிக்கிற பொண்ணு" என்றார் டீச்சர்.

"படிப்பு வருது டீச்சர். யார் கூடப் படிக்கிறது?" இது காவியாவின் குரல்.

தருமலிங்கம் சொன்னார். "அரையாண்டுல கணக்குப் பரிச்ச அன்னிக்கு என் பாடு வருது. படகோட வந்து நிப்பேன். நாலு பிள்ளைங்க ஏறுனா இது இங்கியே படிக்கட்டும். அன்னிக்கும் எவனும் ஏறலன்னா மறுநாளு நானே கூட்டினு போய் ஆரம்பாக்கத்துல வுட்டுட்டு வந்துடறேன்."

லோகநாயகி அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் கரைக்கு நடந்தாள். அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கணக்குப் பரீட்சை தருமலிங்கம் பாடு நாளில் விழுகிறது என்பது மெல்ல ஊருக்கும் தெரிந்தது. பஞ்சாயத்து கூடியது. பெண்கள் வழக்கம்போல் ஓரமாக நின்றோம். பாட்டை ஒரு நாள் மாற்றி வேறு படகை அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். தெய்வசிகாமணி முடியாது என்று தலையை ஆட்டினார். "கற்பூரம் ஏத்துன பாடு. மாத்தணும்னா பாட்டுக்காரங்க அத்தினி பேரும் குந்தி, அத்தினி பேரும் சரின்னு சொல்லணும்."

"அப்போ தருமலிங்கண்ணனையும் கூப்புடுங்க" என்றாள் லோகநாயகி.

கூப்பிட்டால் அவரோடு பேச வேண்டும், பேசினால் கட்டு போயிற்று. கூப்பிடாவிட்டால் பாட்டை மாற்ற முடியாது. தாங்களே போட்ட இரண்டு முடிச்சுக்கு நடுவில் பெரியவர்கள் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற இடம் அது இல்லை.

"நீ கம்முனு இரு" என்றார் ஆதிநாராயணன் மனைவியிடம்.

"ஒரு பரிச்சதானே, போனா போவட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"போவட்டுமா?" என்றாள் லோகநாயகி. "உன் வலை ஒரு நாளு சும்மா கெடந்தா போவட்டும்னு சொல்லுவியா?" கூட்டம் ஒன்றையும் முடிவு செய்யாமல் கலைந்தது.

கணக்குப் பரீட்சை நாளில் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தருமலிங்கம் சொன்னபடி படகோடு நின்றார். காவியா முன்பக்கத்தில் பாலிதீன் பைக்குள் சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளும் அம்மாக்களும் கரையில் கூடியிருந்தோம். பின்னால் சில ஆண்கள், அவர்களில் ஆதிநாராயணன். யாரும் ஏறவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை.

லோகநாயகி கையில் டிபன் தூக்கோடு வந்தாள். வைஷ்ணவியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"நைனா நிக்குதும்மா" என்றாள் வைஷ்ணவி.

"நிக்கட்டும். பேசக் கூடாதுன்னுதான் சொன்னாங்கோ, ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல. வாய மூடிகினு ஏறு."

வைஷ்ணவி ஏறினாள், பின்னாலேயே லோகநாயகி ஏறினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் ஏறினார்கள். துணைக்கு நானும் போனேன். ஆதிநாராயணன் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. படகு கரையை விட்டு விலகும்வரை அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்.

அப்படி ஒரு படகுப் பயணத்தை நான் பார்த்ததில்லை. ஒரு படகு நிறையப் பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. மோட்டார் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி ஏரி தாண்டியதும் வைஷ்ணவி ஒரு சூத்திரத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நடுவில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. காவியா ஏரிப் பக்கம் திரும்பியபடியே மீதியைச் சொல்லி முடித்தாள். அதைப் பேச்சு என்று சேர்ப்பதா வேண்டாமா என்று பஞ்சாயத்துதான் சொல்ல வேண்டும்.

பழவேற்காட்டுக் கரையில் பிள்ளைகள் இறங்கிப் பள்ளிக்குப் போனார்கள். நனைந்தவர்களுக்கு மாற்றுச் சீருடை எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் லோகநாயகியும் படகுக்கே திரும்பி வந்தோம். பாடு என்றால் போகவும் வரவும் சேர்த்துத்தான், அதனால் தருமலிங்கமும் காத்திருந்தார். தார்ப்பாய்க்குக் கீழே அவர் ஒரு முனை, நாங்கள் மறுமுனை. லோகநாயகி தூக்கைத் திறந்தாள், மூடினாள். மழையைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள்.

"சாப்டியாண்ணா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறுவதற்குச் சாக்கு இருந்தது, இதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. தருமலிங்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் குப்பத்தில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "இல்லம்மா" என்றார்.

அவள் தூக்கு மூடியில் இட்லியை வைத்து நீட்டினாள். சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் பேச ஆரம்பித்தார் பாருங்கள், நிறுத்தவே இல்லை. மோட்டார் ரிப்பேர், பழைய வலை, ஆரம்பாக்கத்து அக்காவின் மூட்டுவலி, மனைவி யாரோடும் பேச முடியாமல் கோழிகளோடு பேசுவது, எல்லாம் வந்தது. காத்திருக்கவே ஆகாதவள் அத்தனையையும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் சொன்னார்: "ஏறுனீங்க. சொன்ன சொல்லுக்குக் காவியாவ நாளிக்கும் அனுப்புவேன். ஆனா வாய மூடிகினு எத்தினி நாளும்மா அதுகூடப் படகுல வருவாங்கோ? அதுவும் மனுசப் புள்ளதானே?"

பரீட்சை முடிந்த பிள்ளைகளோடு சாயங்காலம் குப்பத்தில் இறங்கியதும் லோகநாயகி என்னிடம், "நீ கேக்கல, நீ பேசல, வூட்டுக்குப் போ" என்றாள். நான் போகவில்லை. அவள் நேராகக் கோயிலுக்கு நடந்தாள். படகில் ஏறியது சரியா தவறா என்று பேச அங்கே பஞ்சாயத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஊரில் பாதி பேர் சுற்றி நின்றார்கள்.

"ஏறுனத பத்திப் பேசவே வேணாம்" என்றாள். "நான் தருமலிங்கண்ணன்கிட்ட பேசிட்டேன். சாப்டியான்னு கேட்டேன், இட்லி குடுத்தேன், அவரு சொன்னத எல்லாம் கேட்டுகினு குந்தியிருந்தேன். நாளிக்கும் பேசுவேன். என் பொண்ணையும் பேசச் சொல்லுவேன். கட்டு எனக்கும்தானே? சொல்லிடுங்க."

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. ஆனால் ஒளித்துப் பேசுகிற பேச்சு காவியாவின் பெஞ்சு வரை போகாது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

தெய்வசிகாமணி ஆதிநாராயணனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். சொல்ல வேண்டியவர் அவர். தன் வாயால் தன் மனைவிக்குக் கட்டு சொல்லிவிட்டு, அதே வீட்டில் அவளோடு பேசாமல் இருக்க வேண்டும்.

"சொல்லு ஆதி" என்றார் தலைவர்.

ஆதிநாராயணன் எழுந்தார். அந்தப் பெரிய குரலுக்கு ஊர் காத்திருந்தது. அவர் மனைவியின் நனைந்த புடவையைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற வைஷ்ணவியைப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரி சின்னக் குரலில், லோகநாயகியைப் பார்த்து, "காவியா பரிச்ச எப்பிடி எழுதுச்சாம்?" என்று கேட்டார்.

"நல்லா எழுதியிருக்குதாம்" என்றாள். "ஒரே ஒரு கணக்குதான் வுட்டுச்சாம்."

"எந்தக் கணக்கு?" என்றார்.

ஆதிநாராயணன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எந்தக் கணக்கு என்று தெரிந்து அவருக்கு ஆகப் போவது எதுவும் இல்லை. ஊர் பார்க்க, பஞ்சாயத்து பார்க்க, அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டார். அவளும் அதைப் புரிந்துகொண்டு, தனக்கும் தெரியாத அந்தக் கணக்கை அவருக்கு விளக்க ஆரம்பித்தாள்.